செருமிவிட்டு வருகிறவன்

கண்ணாடி அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஏ.சி.யையும் நிறுத்தியாயிற்று, அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நான்கு சுவரிலும் பழைய ரஜாய்களை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளை, தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே கொல்கத்தாவின் சால்ட் லேக் முழுவதும் மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கிற மாதம். உள்ளே நான் சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துக்கொண்டிருந்தேன்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மௌஷுமி-தியின் குரல் வந்தது. நான் குரல் கொடுக்கிற ஒலித்தொடரை எழுதுவதும் இயக்குவதும் அவர்தான். அவர் வங்காளியில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஷேகொர்-தா, பயமா இருக்கு. நல்லாவே பயமா இருக்கு. ஆனா நம்ப முடியல. இந்தக் குரலைக் கேட்டா அந்தப் பொண்ணு மூட்டைக்குப் பின்னாலேர்ந்து வெளியில வருவாளா? இன்னும் உள்ள போயிடுவா. மறுபடி ஒரு தடவை."

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். 'பயப்படாதே, வெளியே வா.' காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, குழந்தை பிடிக்கிறவன் மிட்டாயை நீட்டுகிற மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

சால்வை போர்த்திய இருட்டு

சென்ற இதழில் பூஜைப் பந்தலில் நான் மைக் பிடித்த கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நான் சேகர். வங்காளிகளுக்கு ஷேகொர்-தா; தா என்றால் அண்ணன், தி என்றால் அக்கா. பகலில் அலிப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. துர்க்கா பூஜை நாட்களில் எங்கள் பிளாக் பந்தலில், கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகளைப் பற்றி அறிவிக்கிறவன். அழுகிற குழந்தையை மேஜைமேல் உட்கார வைத்துக்கொண்டு, "சிவப்பு ஃபிராக், ஒரு காலில் மட்டும் செருப்பு" என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் மௌஷுமி-தி என்னைப் பிடித்தார். இடி மாதிரிக் குரல், ஆனால் மேஜைமேல் இருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது, அதுதான் எனக்கு வேண்டும் என்றார்.

அவர் உருவாக்கிய நாயகனின் பெயர் 'காலோ சாதர்'. கறுப்புச் சால்வை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிற அரைமணி நேர ஒலித்தொடர். பகலில் அவன் அலிப்பூர் கோர்ட் வராந்தாவில் மனு தட்டச்சு செய்கிற சாதுவான ஆள். பொழுது சாய்ந்ததும் ஒரு கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவான். மற்ற ஊர் நாயகர்கள் இறுக்கமாக உடுத்திக்கொண்டு பறக்கிறார்கள். எங்கள் ஊர் நாயகன் சால்வை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டான். கொல்கத்தாக்காரனுக்கு வில்லனைவிடச் சளியிடம் பயம் அதிகம்.

அவனுடைய பலம் ஒன்றே ஒன்றுதான். அவன் வருவது யாருக்கும் கேட்காது. கார்டன் ரீச் ஆற்றங்கரைக் கிடங்குகளில் குழந்தைகளைக் கடத்தி வைத்திருப்பவர்கள், காலி செய்ய மறுக்கிற குடிசைகளுக்குத் தீ வைக்கிறவர்கள், இவர்களெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று பக்கத்தில் இருக்கிற இருட்டு பேசும். அவ்வளவுதான். பெரிய பெரிய ரௌடிகள் வாய் குழறுவார்கள்.

அந்தப் பகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரமம் அதற்கப்புறம் வந்தது. வில்லன்கள் ஓடிய பிறகு, அவர்கள் அடைத்து வைத்திருந்தவர்களிடம் அதே இருட்டு பேச வேண்டும்.

"பயம் இல்லேன்னா இவன் வெறும் சமூக சேவகன். பரிவு இல்லேன்னா இவனும் ஒரு ரௌடி. ரெண்டும் ஒரே தொண்டையிலேர்ந்து வரணும்" என்பார் மௌஷுமி-தி.

இந்த ஊருக்கு அது புதிதில்லை. கழுத்தில் தலைகளைக் கோத்து மாட்டியிருப்பவளை 'மா' என்று கூப்பிட்டு, பரீட்சைக்குப் போகும்போது பேனாவை அவள் காலடியில் வைத்து எடுத்துப் போகிற ஊர். ஆனால் அவளுக்கு நான்கு கைகள் இருக்கின்றன. ஒன்றில் வாள் இருந்தால் இன்னொன்று அபயம் காட்டும். எனக்கு இருந்தது ஒரே ஒரு தொண்டை.

அது அப்பா இல்ல

இந்த வேலையை நான் ஒப்புக்கொண்டது மீனுவுக்காக.

மீனு என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தின வருஷம் வித்யாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வித்யா என் மனைவி. மாற்றல் ஒரு சாக்குதான். அது வராவிட்டாலும் நாங்கள் பிரிந்திருப்போம் என்பது இருவருக்கும் தெரியும். தட்டு முட்டு எதுவும் பறக்கவில்லை. ஹௌரா ஸ்டேஷனில் நானே பெட்டிகளை ஏற்றி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, ஜன்னலோரம் மீனுவை உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

மீனு சால்ட் லேக்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழை வீட்டுக்குள் மட்டும், அதுவும் பாதி வங்காளி கலந்து பேசுவாள். கனவு காண்பது, சண்டை போடுவது, கதை கேட்பது எல்லாம் வங்காளியில்தான். சென்னைப் பள்ளியில் அவளோடு வங்காளி பேச ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவள் பாஷையில், அப்பாவின் குரலில், ஒரு கதை அவள் காதுக்குப் போய்ச் சேரும் என்று நான் கணக்குப் போட்டேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாயிற்று. இரண்டாவது வாரமே வித்யா போன் செய்தாள்.

"அவ தூங்க மாட்டேங்கறா. லைட்டை அணைச்சா கத்தறா. கதவுக்குப் பின்னாடி யாரோ பேசாம நிக்கறாங்களாம். இனிமே அதைக் கேக்க விடமாட்டேன்."

"அவகிட்ட குடு. அது நான்தான்னு சொல்றேன்."

"சொல்லிட்டேன். 'அது அப்பா இல்ல'ங்கறா."

அதோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுவதும் அவள் ஒரு வாரத்துக் கதையை மூச்சு விடாமல் கொட்டுவதும் வழக்கம். அந்த ஞாயிறு போனை எடுத்தாள். "மீனு" என்றேன். பதில் இல்லை. என் குரல் இயல்பிலேயே கட்டை. அதுவும் காலையில் எழுந்த தொண்டை. மறுபடி "மீனுக் குட்டி" என்றேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "அம்மா, நீ பேசு" என்று தள்ளிப்போய்ச் சொன்னது காதில் விழுந்தது.

அதற்கப்புறம் பல ஞாயிறுகள் வந்தன. ஹோம்வொர்க் இருக்கிறது, குளிக்கிறாள், கீழே விளையாடப் போயிருக்கிறாள். வித்யா பொய் சொல்லத் தெரியாதவள். எனக்காக அதையும் கற்றுக்கொண்டாள்.

விட்டுவிடலாம் என்றால் ஒப்பந்தம் பங்குனி வரை இருந்தது. ஊரையெல்லாம் பயமுறுத்திச் சபாஷ் வாங்கிக்கொண்டிருந்தேன். என் குழந்தை என் குரலுக்கு பயந்து போனை அம்மாவிடம் தள்ளினாள். யாரிடம் போய்ச் சொல்வது?

கார்டன் ரீச் மாடிப்படி

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்பா கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். திருநெல்வேலிக்காரர். நாங்கள் இருந்தது ஆற்றுக்குப் பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் டீசலும் சேறும் கலந்த வாசனை வரும். கப்பல் ஊதுகிற சத்தத்தில் அம்மாவின் எவர்சில்வர் தட்டுகள் அதிரும்.

அப்பா யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவர் தெருமுனை திரும்பினால் கிரிக்கெட் மட்டைகள் மாயமாகிவிடும். அடுத்த வீட்டு சாட்டர்ஜி மாமா கூட வராந்தாவில் சிகரெட்டைப் பின்னால் மறைப்பார். அவர் இவரைவிட மூத்தவர்!

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாளும் சொல்லாமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று, தொண்டையைச் செருமுவார். "க்கும்." ஒரே ஒரு தடவை. பிறகுதான் மேலே ஏறுவார். அந்த இடைவெளியில் அம்மா முந்தானையைச் சரி செய்வாள். நான் சீட்டுக்கட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளுவேன். சுமதி அக்கா ரேடியோவைக் குறைப்பாள். கதவு திறக்கும்போது வீடு ஒழுங்காக இருக்கும். அந்தக் காலத்து ஆண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் பட்டம் விட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் சுமதி அக்கா அழுதுகொண்டிருந்தாள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நிறம் போதவில்லையாம். கதவு ஒருக்களித்திருந்தது. கீழேயிருந்து ஏறி வந்த அப்பா, கதவுக்கு இரண்டு படி முன்னால் நின்றுவிட்டார். அக்காவின் அழுகை கேட்டிருக்க வேண்டும்.

சத்தமில்லாமல் திரும்பி, திருப்பம் வரை இறங்கினார். அங்கே நின்று செருமினார். வழக்கத்தைவிடப் பலமாக. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை செருமினார். மேலே நிற்கிற என்னை அவர் பார்க்கவில்லை. உள்ளே வளையல் சத்தம், செம்பில் தண்ணீர் மொள்கிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எல்லாம் அடங்கிய பிறகுதான் ஏறிப் போனார்.

"ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார். குரலில் வழக்கமான அதே கடுமை. முகம் கழுவியிருந்த அக்கா தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அவர் குரல் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தச் செருமல் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போதும் யாராவது படியில் செருமினால் என் கை சட்டைப் பொத்தானைத் தேடும். ஒரே ஒரு தடவை அதைக் கேட்க முடிந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பழக்கம் என்னிடமும் தொற்றியிருந்தது. சால்ட் லேக்கில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் என்னையறியாமல் செருமுவேன். அதைக் கேட்டதும் மீனு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் அவளைக் குடை வாளியில், செருப்பு ஸ்டாண்டில் எல்லாம் தேட வேண்டும். கதவுக்குப் பின்னால் மட்டும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அது சட்டம்.

அவர்கள் சென்னைக்குப் போன பிறகும் நான் செருமுவதை நிறுத்தவில்லை. பூட்டில் சாவியைப் போடும்போதுதான் நினைவு வரும், உள்ளே யாருமில்லை என்று.

நாயகனுக்குச் சளி

மறுபடி அந்தக் கண்ணாடி அறை.

உட்கார்ந்து பேசினால் சரிவரவில்லை என்று மௌஷுமி-தி முடிவு செய்தார். "வெளியே போய் நில்லுங்க. இருட்டுல கதவைத் திறந்து, நடந்து வந்து, மைக்குக்கிட்ட நின்னு சொல்லுங்க. நிஜமாவே உள்ள ஒரு குழந்தை ஒளிஞ்சிருக்கான்னு நெனச்சுக்கோங்க."

வெளியே போய் நின்றேன். கதவில் கை வைத்தேன். உள்ளே இருட்டு. உள்ளே ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறது.

"க்கும்" என்று செருமிவிட்டேன்.

"பயப்படாதே, வெளியே வா" என்றேன்.

"ஸாரி, தொண்டை. அதை வெட்டிடு தேபு" என்றேன். தேபு எங்கள் ஒலிப்பதிவாளர். மூச்சு, எச்சில் விழுங்குகிற சத்தம், உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் எல்லாவற்றையும் சலித்தெடுத்துத் தூக்கிப் போடுவதுதான் அவன் தொழில். கட்டைவிரலைக் காட்டினான். இன்னும் நாலைந்து தடவை எடுத்தோம். பிறகு மண் குவளையில் எலுமிச்சை டீ வந்தது. மௌஷுமி-தி அரைமனதோடு "இருக்கிறதுல ஒண்ணைத் தேத்திக்கலாம்" என்றார்.

அது சரஸ்வதி பூஜை வாரம்; வங்காளத்தில் அது தை, மாசியில்தான் வரும். மஞ்சள் குர்த்தா அணிந்து ஊருக்குப் போய்விடத் துடித்துக்கொண்டிருந்தான் தேபு. அவசரத்தில் அந்தச் செருமிய டேக்கைச் சேர்த்துவிட்டு, வெட்ட மறந்து, வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டுப் பர்த்வான் ரயிலைப் பிடித்துவிட்டான்.

அன்று மாலையே பின்னூட்டங்கள் வர ஆரம்பித்தன. கொல்கத்தா நேயர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஒருவர் துளசியும் தேனும் என்றார். ஒரு அம்மாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள். மூன்று பேர் மூன்று விதமான ஹோமியோபதி மருந்து எழுதி, அவர்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் வெறும் சால்வையோடு அலைந்தால் வேறென்ன ஆகும், காது மூடுகிற குல்லா வாங்கிக் கொடுங்கள் என்றார் ஒரு பெரியவர்.

மௌஷுமி-தி போனில் வெடித்தார். "இத்தனை மாசமா கட்டிக் காப்பாத்தின பயம் ஒரு செருமல்ல போச்சு! தேபு திங்கக்கிழமை வரட்டும், அதை வெட்டிட்டு மறுபடி ஏத்தறேன்."

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வெட்டவில்லை. திங்கட்கிழமை நான் நேரில் போய் அப்பா மாடிப்படியில் நின்ற கதையைச் சொன்னேன். அவர் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். "வரலாம்" என்றார். "இப்ப இவனை நம்பி வெளியில வரலாம்." அன்றிலிருந்து அது தொடரின் சட்டமானது. கெட்டவனிடம் சத்தமில்லாமல் வருவான். பயந்தவர்களிடம் செருமிவிட்டு வருவான். இப்போது நேயர்கள் அந்தச் செருமலுக்காகவே காத்திருக்கிறார்கள். குல்லா சிபாரிசு செய்தவர் உட்பட.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு காலை

அன்று நான் கூப்பிடவில்லை. குளிக்கிறாள் என்று இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. பூஜை முடிந்து பிளாக் பையன்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் விழுகிற சத்தத்துக்கு நடுவே போன் அடித்தது. வித்யா.

"கேட்டேன்" என்றாள்.

"எதை?"

"வெள்ளிக்கிழமையதை. நான் எல்லாத்தையும்தான் கேக்கறேன். அவளுக்குத் தெரியாம. சமையல் பண்ணிட்டே கேட்டுட்டு இருந்தேன். அந்த இடம் வந்ததும் திரும்பி வாசக்கதவைப் பாத்தேன் சேகர். அடுப்பைக் கூடக் குறைச்சிட்டேன்."

வாசலைப் பார்த்தாள் என்பதால் வாசலைத் திறப்பாள் என்று அர்த்தமில்லை. அதை நான் அப்போதே அறிந்திருந்தேன். இருந்தும் அந்த வாக்கியத்தை இன்று வரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"அவளுக்கும் போட்டுக் காட்டினேன்" என்றாள். "அந்த இடத்தை மட்டும். இரு, குடுக்கறேன்."

போன் கை மாறுகிற சத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கட்டைக் குரல் வரும். அவள் பயந்து ஓடிவிடுவாள். இருட்டில் நிற்கிறவன் மாதிரி, பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இன்னொரு மூங்கில் விழுந்தது.

சென்னையிலிருந்து, மெல்லிசாக, பெரிய மனுஷத் தோரணையோடு ஒரு சத்தம் வந்தது.

"க்கும்."

அதற்கப்புறம் அவள் அவசரப்படவில்லை. காத்திருந்தாள்.

நான் சட்டை நுனியால் கண்ணையும் மூக்கையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். இன்னொரு செருமல் கேட்டது.

"உள்ள வா மீனு" என்றேன்.